பொம்மைகளுக்கு வீடு கட்டியவர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

எங்கள் ஊர்ப் பக்கம் ஏலம் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மலைமேல் விளைவதும் ஏலம். அது போடிக்கு வந்து இறங்கிய பின் விலை கூறி விற்கப்படுவதும் ஏலம். சிலமலையில் பிறந்த எனக்கு இவ்விரண்டும் நடை பழகிய நாள் முதல் தெரிந்தவை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர் என் தாயார். போடியில் கிட்டங்கியில் மூட்டை இறக்கியவர் என் தந்தையார். ஒரே செடியில் காய்த்த காய்தான். ஆனால் சலித்துப் பிரித்தால் பெரிய காய்க்கு ஒரு விலை, சிறிய காய்க்கு ஒரு விலை, பச்சை மாறாததற்கு ஒரு விலை, வெளுத்ததற்கு ஒரு விலை. ஆகவே, ஒரு பொருளுக்கு விலை எவ்வாறு உண்டாகிறது என்பது எங்கள் வீட்டாருக்கு நன்றாகவே தெரியும் என்று நான் எண்ணியிருந்தேன். சென்ற ஐப்பசியில் அந்த எண்ணம் பொய்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மரச்சாமானும் பித்தளையும் வாங்கும் வியாபாரி ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவரின் கண், என் அப்பத்தாவின் ஓலைப்பெட்டியில் விழுந்தது. அதற்குள் இருந்தவை மரச்சொப்புகள். அம்பாசமுத்திரம் பக்கத்தில் கடைசல் பிடித்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்கு வண்ணம் ஏற்றிய சின்னஞ்சிறு விளையாட்டுச் சாமான்கள். அப்பத்தா சிறுமியாக இருந்தபோது, வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் அவருடைய தாயார் வாங்கிக் கொடுத்தவை. ஆட்டுக்கல், அம்மி, குழவி, திருகை, குடம், அடுப்பு என்று முதலில் பத்தொன்பது உருப்படிகள் இருந்தனவாம். இப்போது எஞ்சியவை பதின்மூன்று. வியாபாரி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு 3,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். எங்கள் வீடே வாயடைத்துப் போயிற்று. என் தாயார் ஆறேழு நாள் மலையேறினால் கிடைக்கும் கூலி அது. மூட்டை இறக்குகையில் முதுகு பிடித்துக்கொண்டு, மருந்துச் சீட்டோடு வீட்டில் படுத்திருந்த என் தந்தையாருக்கு அது ஒன்றரை மாத மருந்து.

அடுத்த மாதம் வந்து முடிவு கேட்பதாகக் கூறி அவர் புறப்பட்டார். வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எங்கள் வமிசத்திலேயே கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். படித்த பிள்ளை சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். பழைய விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு விலை ஏன்? அதைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, டில்லியில் உள்ள பொம்மை அருங்காட்சியகத்தைப் பற்றியும், அதை நிறுவிய சங்கரைப் பற்றியும் படித்துப் பார்க்கும்படி கூறினார். அவ்வாறு படித்து நான் அறிந்த ஒரு பெருமகனின் வாழ்க்கையையே நண்பர்கள் முன் வைக்க விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

கேசவ சங்கர பிள்ளை என்பது அன்னாரின் முழுப்பெயர். உலகம் அறிந்தது சங்கர் என்ற நான்கெழுத்தையே. 1902ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த காயங்குளத்தில் அவர் பிறந்தார். நம் போடிமெட்டைத் தாண்டி மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் அவருடைய நாடு. ஆகவே அவரை நம் அடுத்த வீட்டுக்காரர் என்று சொன்னாலும் தவறாகாது.

காயங்குளத்திலும் மாவேலிக்கரையிலும் அவர் பள்ளிக் கல்வி பயின்றார். அவர் வரைந்த முதல் கேலிச்சித்திரம் எது தெரியுமா? வகுப்பறையில் உறங்கிக்கொண்டிருந்த ஆசிரியரின் உருவமே! தலைமையாசிரியர் கடுஞ்சினம் கொண்டார். ஆனால் அந்தப் படத்தைக் கண்ட அவருடைய மாமா, குற்றத்தை விடுத்துக் கைத்திறனைக் கண்டார். மேலும் வரையுமாறு ஊக்கினார். ஒரே தாளை இருவர் பார்த்தனர். ஒருவர் கண்ணுக்கு அது குறும்பு, மற்றவர் கண்ணுக்கு அது செல்வம். பிற்காலத்தில் பிறர் கண்ணுக்குக் கைப்பொம்மையாகத் தெரிந்ததைச் சங்கர் செல்வமாகக் கண்டதற்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

மாவேலிக்கரை இரவிவர்மா ஓவியப் பள்ளியில் ஓவியம் பயின்ற அவர், திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் சேர்ந்து 1927ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அறிவியல் மாணவர்களாகிய நாம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அறிவியல் படித்தவன் ஆய்வுக்கூடத்தைத் தவிர வேறெதையும் எட்டிப் பார்க்கலாகாது என்று எந்தச் சட்டமும் இல்லை!

தூரிகை தந்த வாழ்வு

மேற்படிப்புக்காகப் பம்பாய் சென்ற சங்கர் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் சட்டம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. இடையிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனார். ஓய்வு நேரத்தில் வரைந்த கருத்துப்படங்கள் பிரீ பிரஸ் ஜர்னல், பாம்பே கிரானிக்கிள் ஆகிய ஏடுகளில் வெளிவந்தன. அவற்றைக் கண்டவர் போத்தன் ஜோசப். இந்துஸ்தான் டைம்ஸ் ஏட்டின் ஆசிரியரான அவர், 1932ஆம் ஆண்டு சங்கரைத் தம் ஏட்டின் ஓவியராக்கி டில்லிக்கு அழைத்துச் சென்றார். அன்று முதல் 1946 வரை அவருடைய தூரிகை அங்கே ஓயவில்லை. ஆளும் வைசிராய்களையே அது கிண்டல் செய்தது. கிண்டல் செய்யப்பட்டவர்களே அப்படங்களை விரும்பிப் பார்த்தனர். இடையில் இலண்டன் சென்று ஏறத்தாழ 14 மாதங்கள் தங்கி ஓவிய நுட்பங்களைக் கற்றார். பாரிஸ், பெர்லின், ரோம், வியன்னா நகரங்களையும் கண்டு திரும்பினார்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், தம் பெயராலேயே சங்கர்ஸ் வீக்லி என்ற வார ஏட்டைத் தொடங்கினார். அதை வெளியிட்டவர் தலைமையமைச்சர் நேரு. தம்மைக் கேலி செய்யவே பிறந்த ஏட்டைத் தாமே வெளியிட்ட பெருந்தன்மையை என்னென்பது! நேருவை எத்தனையோ விதமாக அதில் வரைந்தார் சங்கர். இருவர் நட்பும் அதனால் குறையவில்லை. அபு ஆபிரகாம், குட்டி, ஓ. வி. விஜயன் போன்ற பின்னாளைய புகழ்பெற்ற கருத்துப்பட ஓவியர்களுக்கு அந்த ஏடு நாற்றங்காலாக அமைந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் சங்கர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அரசியல்வாதிகளின் மூக்கையும் தொப்பியையும் வரைந்து வரைந்து அவருடைய மனம் குழந்தைகள் பக்கம் சாய்ந்தது. 1949ஆம் ஆண்டு குழந்தைகளுக்கென ஓவியப் போட்டி ஒன்றை நடத்தினார். இந்தியக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய அது, விரைவிலேயே உலகக் குழந்தைகளின் போட்டியாக விரிந்தது. அந்தப் போட்டிதான் பொம்மைக்கும் அவருக்கும் முடிச்சுப் போட்டது.

ஒரு பொம்மை வந்த கதை

1950களின் தொடக்கம். அங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையை நேருவிடம் அளித்தார். சங்கர் நடத்தும் குழந்தைகள் போட்டிக்குப் பரிசாகக் கொடுக்கவே அது வந்தது. தம் நாட்டு உடை உடுத்த அந்தச் சிறு உருவம் சங்கரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. ஒரு நாட்டு மக்கள் எப்படி உடுத்துகிறார்கள், எப்படித் தலைவாருகிறார்கள், எதை அணிகலன் என்று போற்றுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு முழ உயரத்தில் அது எடுத்துரைத்தது. புவியியல் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதைக் குழந்தை ஒரே பார்வையில் கண்டுகொள்ள முடியும் அல்லவா?

தலைமையமைச்சரின் வெளிநாட்டுப் பயணங்களில் பத்திரிகையாளராகச் சங்கரும் உடன் செல்வதுண்டு. அப்போதெல்லாம் போன நாட்டிலிருந்து ஒரு பொம்மையைத் தேடி வாங்கி வருவதை வழக்கமாக்கிக்கொண்டார். இவ்வாறு ஒன்று பத்தாகி, பத்து நூறாகி, ஏறத்தாழ 500 பொம்மைகள் சேர்ந்துவிட்டன.

சேர்ப்பவர்கள் பலவகை. சிலர் சேர்த்ததைப் பூட்டி வைப்பர். சிலர் விலை ஏறட்டும் என்று காத்திருப்பர். சங்கர் இந்த இரண்டு வகையிலும் சேராதவர். பரிசு பெற்ற குழந்தை ஓவியங்களையும் பொம்மைகளையும் பெட்டிகளில் அடுக்கி, நாட்டின் பல இடங்களுக்கும் எடுத்துச் சென்று பொருட்காட்சி வைத்தார். டில்லிக்கு வர இயலாத குழந்தையிடம் டில்லிப் பொம்மை தானே போயிற்று.

ஆனால் பொம்மை பயணத்துக்குப் பிறந்ததா? கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்ததில் கை ஒடிந்தது ஒன்று. வண்ணம் உதிர்ந்தது ஒன்று. உடை கிழிந்தது ஒன்று. காட்டாமல் வைத்தால் பயனில்லை, காட்டினால் பொருளே அழிகிறது. இந்தத் தவிப்பைத்தான் சங்கர் டில்லியில் நடந்த ஒரு பொருட்காட்சியின்போது நேருவிடம் முறையிட்டார். உடன் இருந்த நேருவின் மகள் இந்திரா, இப்பொம்மைகளுக்கு நிலையான ஓர் இல்லம் அமைத்தால் என்ன என்று யோசனை கூறினார். பொம்மைக்கு வீடு என்ற எண்ணம் பிறந்தது அன்றுதான்.

1957ஆம் ஆண்டு சங்கர் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவியிருந்தார். நல்ல தாளில், நல்ல படங்களோடு, எளிய விலையில் குழந்தை நூல்களை வெளியிடுவதே அதன் நோக்கம். டில்லி பகதூர்ஷா ஜாபர் சாலையில் அந்த அறக்கட்டளைக்கென எழுந்த நேரு இல்லத்திலேயே பொம்மைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், குடியரசுத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் சங்கர் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். நம் திருத்தணி மண்ணில் பிறந்த ஆசிரியர் பெருந்தகையின் கையால் அது திறக்கப்பட்டது நமக்கும் பெருமையே. ஆனால் முதற்பொம்மையை வாங்கிக் கொடுத்த நேரு அதைக் காண உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு மே மாதமே அவர் மறைந்துவிட்டார்.

தொடக்கத்தில் 1,000 அளவில் இருந்த பொம்மைகள் பின்னர் 85 நாடுகளைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்டவையாகப் பெருகின. இவ்வளவையும் காசு கொடுத்தா வாங்கினார்கள்? இல்லை. அருங்காட்சியகத்தோடு ஒரு பொம்மைப் பட்டறையும் இணைக்கப்பட்டது. இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் முகவெட்டு, உடை, நகை ஆகியவற்றை ஆராய்ந்து, ஏறத்தாழ 150 வகை இந்தியப் பொம்மைகளை அங்கே கையாலேயே செய்தனர். மணமக்கள், நடனக் கலைஞர், கதகளி ஆடுவோர் என அவை பலவகை. வெளிநாட்டிலிருந்து ஒரு பொம்மை வந்தால் பதிலுக்கு இங்கிருந்து ஒரு பொம்மை போயிற்று. பொம்மைக்குப் பொம்மையே நாணயம்! 1980ஆம் ஆண்டு போலந்து நாட்டுக் கிராக்கோவ் நகரில் நடந்த பொம்மைக் கண்காட்சியில், இந்தப் பட்டறையின் படைப்புகள் தங்க மயிலிறகு என்னும் முதற்பரிசை வென்றன.

ஏலக்கூடத்தில் ஒரு கரடி

நிற்க. எங்கள் வீட்டு வியாபாரி கேட்ட கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. பழைய விளையாட்டுப் பொருளுக்கு விலை ஏன் ஏறுகிறது? மேலைநாடுகளில் இது ஒரு பெரும் வாணிகம். அங்கே ஏலக்கூடங்களில் பொம்மைகள் விலை கூறி விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு கரடியின் கதை, சங்கரின் கதைக்கு வியப்பூட்டும் வகையில் உறவுடையது.

சங்கர் பிறந்த அதே 1902ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குச் சென்றார். பிடித்துக் கட்டி வைத்திருந்த கரடியைச் சுட மறுத்துவிட்டார். கிளிஃபர்ட் பெரிமன் என்ற ஓவியர் இந்நிகழ்ச்சியைக் கருத்துப்படமாக வரைந்தார். அந்தப் படம் நாடெங்கும் பேசப்பட, ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயரான டெடி என்பதைக் கரடிப் பொம்மைக்கு இட்டனர். ஆக, உலகப் புகழ்பெற்ற டெடி கரடிக்குப் பெயர் வாங்கித் தந்ததும் ஒரு கேலிச்சித்திரமே! அதே காலத்தில் செருமனியில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற பெண்மணியின் தொழிற்சாலையும் கரடிப் பொம்மை செய்யத் தொடங்கியது. குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்தும், தையலால் வாழ்வை வென்றவர் அவர். தங்கள் பொம்மைகளின் காதில் அந்நிறுவனத்தார் 1904 முதல் ஓர் உலோகப் பொத்தானைப் பதித்தனர்.

1904ஆம் ஆண்டளவில் அங்கே செய்யப்பட்ட ஒரு கரடி, பாப் ஹெண்டர்சன் என்பவரிடம் குழந்தைப் பருவத்தில் வந்து சேர்ந்தது. அவர் வளர்ந்து இராணுவ அதிகாரியானார். கரடியோ அவரைவிட்டுப் பிரியவில்லை. அவருடைய மகள் அதற்குப் பாவாடை அணிவித்து விளையாடியதால் டெடி கேர்ள் என்ற பெயரும் பெற்றது. அவர் மறைந்த பின், 1994ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் கிறிஸ்டி ஏலக்கூடத்தில் அது 1,10,000 பவுனுக்கு விலை போயிற்று. சப்பானியர் ஒருவர் தம் நாட்டில் அமைக்கவிருந்த அருங்காட்சியகத்துக்காக அதை வாங்கினார்.

இத்தகைய விலைக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தால் நான்கு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, எஞ்சியவை மிகச் சிலவாக இருத்தல். விளையாட்டுப் பொருள் உடைவதற்கென்றே பிறந்தது; ஆயிரம் செய்தால் பத்துகூடத் தப்புவதில்லை. இரண்டாவது, பழுதுபடாத நிலை. மூன்றாவது, யார் செய்தது என்று காட்டும் அடையாளம். கரடிக் காதின் பொத்தான் அத்தகையதே. நான்காவது, அது யாரிடம் இருந்தது, எவ்வாறு வந்தது என்னும் வரலாறு. இவற்றுள் இரண்டாவது எனக்கு மிகுந்த வியப்பை அளித்தது. பெட்டியைப் பிரிக்காத பொம்மைக்கே சேகரிப்போர் மிக அதிக விலை தருகிறார்களாம். அதாவது, எந்தக் குழந்தையும் தொடாத விளையாட்டுப் பொருளே உயர்ந்த விளையாட்டுப் பொருள்! ஆனால் அந்தக் கரடியின் விலையைப் பாருங்கள். ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் கைவிடாதிருந்தார் என்ற வரலாறே அதற்கு ஏற்றம் தந்தது.

இயற்பியல் வகுப்பில் நிறை வேறு, எடை வேறு என்று படிக்கிறோம். பொருளின் நிறை எங்கும் மாறாது; எடையோ அது இருக்கும் இடத்தின் ஈர்ப்பைப் பொறுத்து மாறும். நிலவில் வைத்தால் ஆறில் ஒரு பங்காகிவிடும். பொம்மையின் மதிப்பும் விலையும் அப்படித்தான் எனக்குத் தோன்றுகின்றன. விலை என்பது எடை. எங்கள் தெருவில் ஒன்று, இலண்டன் ஏலக்கூடத்தில் ஒன்று. மதிப்பு என்பது நிறை. அது பொம்மையோடே இருப்பது.

நாம் இழந்தவை

இதை எண்ணும்போது எங்கள் வீட்டில் போன ஒரு பொருள் நினைவுக்கு வந்து நெஞ்சை உறுத்துகிறது. என் தாத்தா தம் கையால் இழைத்துச் செய்த நடைவண்டி ஒன்று இருந்தது. மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. என் தந்தையார், அத்தை, நான், என் தங்கை ஆகிய நால்வரும் அதைத் தள்ளித்தான் நடை பயின்றோம். கட்டையில் எங்கள் கைபட்ட இடம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். 2017ஆம் ஆண்டு, தெருவில் கூவி வந்த ஒருவரிடம் அதைப் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினோம். அப்போது நான் ஏழாம் வகுப்பு. குடம் புதிது, பளபளப்பானது. மட்டற்ற மகிழ்ச்சியோடு அதை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அந்தக் குடம் இரண்டே ஆண்டில் விரிசல் கண்டது. சென்ற ஆண்டு வெளியூரில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் அதேபோன்ற நடைவண்டியைக் கண்டேன். எங்களுடையது அன்று, ஆனாலும் கால்கள் தாமே நின்றுவிட்டன. விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்தேன்.

வியாபாரிகளைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் வாங்காதிருந்தால் அந்த வண்டி என்றோ அடுப்பெரிந்திருக்கும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறாண்டு கடந்த பழம்பொருள்களுக்கே பாதுகாப்பு உண்டு. நூறாண்டு ஆகாத நடைவண்டிக்கும் சொப்புக்கும் வீட்டார்தாம் காவல். பனையோலைக் கிலுகிலுப்பை, நுங்கு வண்டி, மரப்பாச்சி, களிமண் மாடு இவையெல்லாம் ஒரு மழைக்கோ ஒரு பொங்கல் துப்புரவுக்கோ தாங்குவதில்லை. கீழடியில் மண்ணுக்கடியிலிருந்து சுடுமண் உருவங்களும் ஆட்டக்காய்களும் கிடைத்தபோது தமிழகமே பெருமிதம் கொண்டது. 2023இல் அங்கே அருங்காட்சியகம் திறந்து அவற்றைக் கண்ணாடிக்குள் வைத்துப் போற்றுகிறோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் யாரோ ஒரு சிறுவன் தொலைத்த ஆட்டக்காய் நமக்குச் செல்வம். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பம்பரமோ குப்பை! இது முறையா?

சங்கரின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. அவர் சேர்த்தவை அந்தக் காலத்தில் பழம்பொருள்கள் அல்ல. அங்காடியில் கிடைத்த சாதாரணப் பொம்மைகள். அருமையாகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கிடைக்கும்போதே எடுத்து, இன்ன நாடு, இன்ன உடை என்று குறித்து, எல்லாக் குழந்தைகளும் பார்க்கும் இடத்தில் வைத்தார். பின்னாளில் அருமையானவை என்று உலகம் போற்றியது அதனால்தான்.

நிறைவு நாள்கள்

1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலை நாட்டில் அறிவிக்கப்பட்டது. சிரிப்புக்கு இடமில்லாத காலத்தில் சிரிப்பு ஏடு எப்படி நடக்கும்? அவ்வாண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இதழோடு சங்கர்ஸ் வீக்லியை அவர் நிறுத்திவிட்டார். 27 ஆண்டுகள் வளர்த்த ஏட்டை முடித்த அந்த முதியவர், தம் எஞ்சிய வாழ்வைக் குழந்தைகளுக்கே ஒப்படைத்தார். தம் தாத்தாவோடு கழித்த இளமை நாள்களைப் பற்றி அவர் தாமே எழுதிப் படமும் வரைந்த நூல், குழந்தைகள் விரும்பிப் படிக்கும் நூல்களுள் ஒன்று. அப்பத்தாவின் மடியில் வளர்ந்த எனக்கு அவர்பால் ஒரு தனி அன்பு பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பத்மஸ்ரீ, பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் என்று அரசின் விருதுகள் அவரைத் தேடி வந்தன. ஆனால் 1977இல் போலந்து நாட்டுக் குழந்தைகள் அவரைத் தேர்ந்தெடுத்து அளித்த புன்னகை விருதே அவருக்கு மிகப் பொருத்தமானது என்பது என் கருத்து. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், தமது 87ஆம் வயதில் அப்பெருமகனார் இயற்கை எய்தினார். அவர் கட்டிய வீட்டில் பொம்மைகள் வாழ்கின்றன.

பதின்மூன்று சொப்புகள்

சொன்னபடி வியாபாரி அடுத்த மாதம் வந்தார். அதற்கு முதல்நாள் இரவு, நான் படித்த சங்கரின் கதையை அப்பத்தாவுக்குச் சொன்னேன். எழுதப் படிக்கத் தெரியாத அவர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பொம்மைகளை எந்தப் பிள்ளையாவது எடுத்து விளையாடுகிறதா என்பதே அது. கண்ணாடிக்குள் இருக்கின்றன, பார்க்கத்தான் முடியும் என்றேன். சோறு ஆக்காத சொப்பு எதற்கு என்று அவர் முணுமுணுத்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சங்கருக்கே இருந்த தவிப்புத்தானே இது! தொட்டால் தேயும், தொடாவிட்டால் அது விளையாட்டுப் பொருளே அன்று.

இறுதியில் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. முடிவைச் சொன்னவர் அப்பத்தா, நான் அல்லேன். வியாபாரி கோபித்துக்கொள்ளவில்லை. வெயிலில் வைக்க வேண்டாம், அரக்கு வெடித்துவிடும் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்த முடிவுக்கும் ஒரு விலை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அம்மாதம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் என் தாயார் மலையேறினார். ஜீப்பின் சத்தம் தேயும் வரை நான் படுக்கையில் விழித்துக் கிடந்தேன். செய்தது சரிதானா என்று இன்றும் சில நாள் எண்ணுவதுண்டு.

இப்போது ஞாயிறு மாலையில் மட்டும் ஓலைப்பெட்டி திறக்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து, அப்பத்தாவின் கண் முன்னால் மணலைச் சோறாக ஆக்கி எங்களுக்குப் பரிமாறுகிறாள். விளையாடி முடித்ததும் எண்ணிப் பார்த்து, துடைத்து, உள்ளே வைக்கிறார் அப்பத்தா. பதின்மூன்றும் இருக்கின்றன. நான் சங்கரைப் பின்பற்றி ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். எந்தச் சொப்பு, எங்கே வாங்கியது, யார் வாங்கிக் கொடுத்தது, தொலைந்த ஆறும் எவை, எப்படித் தொலைந்தன என்றெல்லாம் அப்பத்தா சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். முதல் பக்கத்தில் எழுதியது சொப்பைப் பற்றி அன்று. போய்விட்ட நடைவண்டியைப் பற்றி. பொருள் போனாலும் அதன் வரலாறாவது வீட்டில் இருக்கட்டும்.

நண்பர்களே! நம் கல்லூரிக்கு வருவோரில் பெரும்பாலோர் என்னைப்போல் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நம் வீடுகளில் பத்திரங்களும் படங்களும் குறைவு. நம் முன்னோரின் கை பட்டவை என்று சொல்ல இத்தகைய சிறு பொருள்களே உள்ளன. விடுமுறைக்குச் செல்லும்போது பரணை ஒருமுறை பாருங்கள். கிடைப்பதை விற்பதும் வைப்பதும் அவரவர் நிலையைப் பொறுத்தது. வறுமையைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் எது செய்தாலும், அதற்குமுன் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு அதன் கதையை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவின்போது, ஓர் அறையில் ஒரு நாள் மட்டும் அவற்றை நாம் காட்சிக்கு வைக்கலாம். அதற்குப் பேராசிரியப் பெருமக்கள் துணை நிற்பார்கள் என்று நம்புகிறேன். அப்பத்தாவிடம் முன்னதாகவே அனுமதி வாங்கிவிட்டேன்; சொப்புகளோடு தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் டில்லியைப் பார்த்ததில்லை. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் போடிக்கு மீண்டும் இரயில் வந்தது. பட்டம் பெற்று, முதல் சம்பளம் வாங்கியதும், அந்த இரயிலில் ஏறிச் சென்னை சென்று, அங்கிருந்து டில்லி போய்ச் சங்கர் கட்டிய வீட்டைக் காண வேண்டும் என்பது என் பேரவா. வெறுங்கையோடு போவதாக இல்லை. பொம்மைக்குப் பொம்மைதானே அங்கே நாணயம்? பதின்மூன்றில் ஒன்றைக் கொடுப்பாரா என்று அப்பத்தாவிடம் இன்னும் கேட்கவில்லை.